‘இரு, ரெஸ்பாண்ட் பண்றேன்’: மேஜிக் ஆட்டத்தில் எது முதலில் நடக்கும்?

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம். உங்களிடம் ஒரு 2/2 கிரீச்சர் இருக்கிறது (முதல் எண் பவர், அதாவது அடிக்கும் அளவு; இரண்டாவது டஃப்னஸ், அதாவது தாங்கும் அளவு). எதிராளி அதன் மேல் லைட்னிங் போல்ட் போடுகிறார். விலை ஒரே ஒரு சிவப்பு மானா (கார்டு போடக் கொடுக்கும் சக்தி), 3 டேமேஜ். உங்கள் கையில் ஜயன்ட் குரோத். ஒரே ஒரு பச்சை மானா, அந்த டர்ன் முடியும் வரை +3/+3. பதிலுக்கு அதைப் போடுகிறீர்கள். கிரீச்சர் 5/5 ஆகி, போல்ட்டை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

அதே கார்டுகளை வைத்து இன்னொரு தடவை பார்ப்போம். இம்முறை ஜயன்ட் குரோத்தை நீங்கள் முதலில் போடுகிறீர்கள். அது நடப்பதற்குள் எதிராளி பதிலுக்கு போல்ட் போடுகிறார். கிரீச்சர் காலி. ஜயன்ட் குரோத்தும் வீண். கார்டு மாறவில்லை, மானா மாறவில்லை. யார் முந்தினார், யார் பிந்தினார் என்பது மட்டும் மாறியது. அதுவும் தலைகீழாக: பிந்தியவர்தான் ஜெயித்தார்.

இந்த இரண்டு கார்டும் 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே உண்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக்: தி கேதரிங் பிறந்த நாளிலிருந்தே இந்த வாக்குவாதமும் கூடவே இருக்கிறது. பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் டெக்கை விரித்து உட்காரும் பையன்களிடையே கேட்கிற சத்தத்திலும் முக்கால்வாசி இதுதான். (வீட்டில் ‘சீட்டாடப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. ‘கார்டு கேம்’ என்று சொல்லித்தான் தப்பிக்க வேண்டும். அது வேறு கதை.) ஒரு கார்டு என்ன செய்யும் என்பதில் பெரிய தகராறு வருவதில்லை, அது கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. எப்போது செய்யும் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு பதில். கடைசியில் குழுவில் மூத்த அண்ணன் சொல்வது தீர்ப்பாகிவிடுகிறது. அண்ணன் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அவர் 2009க்கு முன்னால் கற்றவர் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

விதிப் புத்தகம் ஏறத்தாழ 300 பக்கம். ஒவ்வொரு புதுத் தொகுப்பு வரும்போதும் புதுப்பிக்கிறார்கள். அதை முழுதும் படித்தவர்கள் ஜட்ஜுகள்தான், அவர்களிலும் எல்லோரும் இல்லை. மாடியில் எழும் தகராறுகளுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. சொல்வதற்கும் நடப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. எந்த விஷயத்துக்கு அந்த இடைவெளி உண்டு, எதற்குக் கிடையாது என்று பிரிக்கத் தெரிந்தால் பெரும்பாலான சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

போன் மறைத்த இடைவெளி

இங்கே பலரும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது போனில். மேஜிக் அரீனா 2021இல் போனுக்கு வந்தபோது கார்டு வாங்கக் காசில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையென்றால் அரீனா உங்களைக் கேட்காமலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ட்ரிகர்களை (ஏதாவது நடந்ததும் தானாகக் கிளம்பும் விளைவுகளை) அதுவே எடுத்து வைக்கும். எதிராளி கார்டை இழுத்துவிட்டார், படம் மின்னியது, டேமேஜ் விழுந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ‘உனக்கு ஏதாவது இருக்கா?’ என்று ஆட்டம் இரண்டு பேரையும் கேட்க வேண்டிய இடங்கள் அதற்குள் கடந்துவிட்டிருக்கும். ஃபுல் கன்ட்ரோல் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஒரு டர்னில் எத்தனை இடத்தில் நின்று நின்று போக வேண்டியிருக்கிறது என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வருகிற ஒவ்வொரு இடமும் விதிப்படி ஒரு நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தில் பேசும் உரிமைக்குப் பெயர் பிரையாரிட்டி. போட்ட ஸ்பெல்லும் (கையிலிருந்து போடும் கார்டு), தட்டிவிட்ட எபிலிட்டியும் (மேஜையில் இருக்கும் கார்டின் திறன்), கிளம்பிய ட்ரிகரும் காத்திருக்கும் இடத்துக்குப் பெயர் ஸ்டாக். கடைசியாக வந்தது முதலில் நடக்கும். ஆனால் எதுவும் தானாக நடக்காது. இரண்டு பேரும் அடுத்தடுத்து ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று விட்டால்தான் மேலே இருக்கும் ஒன்று, ஒன்றே ஒன்று, ரிசால்வ் ஆகும், அதாவது நடந்து முடியும்.

கேரம் ஆடாதவர் வடசென்னையில் குறைவு, அதனால் இப்படிச் சொல்கிறேன். ரெட் பாக்கெட்டில் விழுந்துவிட்டது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. ஃபாலோ போட வேண்டும். ஃபாலோ விழவில்லையென்றால் ரெட் மறுபடி நடுவில் போய் உட்காரும். ஸ்பெல்லும் அப்படியே. கார்டை மேஜையில் வைத்து மானாவும் கொடுத்தாயிற்று. ஆனால் ரிசால்வ் ஆகும்வரை அது நடந்ததாகக் கணக்கில்லை. ஒரு வித்தியாசம்: கவுன்டர்ஸ்பெல் (இன்னொரு ஸ்பெல்லை ரத்து செய்யும் கார்டு) வாங்கிய கார்டு கைக்குத் திரும்பாது, நேராகக் கிரேவ்யார்டுக்கு, அதாவது தீர்ந்த கார்டுகளின் குவியலுக்குப் போகும். கொடுத்த மானாவும் போனதுதான்.

இந்த ஸ்டாக் ஆரம்பத்திலிருந்து இருந்ததில்லை. 1999இல் சிக்ஸ்த் எடிஷன் வந்தபோதுதான் ஒழுங்கான வடிவம் பெற்றது. அதற்கு முன் ‘இன்டரப்ட்’ என்று ஒரு தனி வகையே இருந்தது. எதிராளியின் டர்னிலும் போடக்கூடிய இன்ஸ்டன்ட்டையும் முந்துகிற அவசரக் கார்டு. முதல் தொகுப்பு கவுன்டர்ஸ்பெல்லின் மேல் அப்படித்தான் அச்சாகியிருக்கும். ஜெராக்ஸ் கடையில் பழைய படத்தை எடுத்து பிராக்ஸி (நகல் கார்டு) அடித்து ஆடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பழைய இன்டரப்ட்கள் எல்லாம் இன்று இன்ஸ்டன்ட்தான். அச்சில் என்ன இருந்தாலும் செல்லுபடியாவது ஆரக்கிள் என்று அழைக்கப்படும் இப்போதைய அதிகாரப்பூர்வ வாசகம். கேதரர் தளத்தில் கார்டின் பெயரைப் போட்டால் வந்துவிடும்.

யூகியோ என்ற இன்னொரு கார்டு ஆட்டம் ஆடிவிட்டு வருபவர்கள் இன்னோர் இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அங்கே செயின் (ஸ்டாக் மாதிரியான வரிசை) ஒருமுறை அவிழத் தொடங்கினால் நடுவில் யாரும் எதையும் சேர்க்க முடியாது, கடைசிவரை ஓடி முடியும். மேஜிக்கில் ஒன்று ரிசால்வ் ஆனதும் ஆட்டம் நின்று மறுபடி கேட்கும். மீதி மூன்று விஷயம் ஸ்டாக்கில் காத்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் மேல் நான்காவதாக ஒன்றை நீங்கள் போடலாம். யூகியோவில் எபிலிட்டி ‘டைமிங்கைத் தவறவிடுவது’ என்று ஒரு பெரிய தலைவலி உண்டு. ‘வென்’ என்று தொடங்கி, செய்யலாம் என்று விருப்பத்துக்கு விட்ட எபிலிட்டி, கடைசியாக நடந்தது அந்தச் சம்பவமாக இல்லாவிட்டால் செயல்படாது. அந்தப் பயத்தை மேஜிக்குக்கு எடுத்துவர வேண்டாம். இங்கே ட்ரிகர் நடுவில் கிளம்பினாலும் பொறுமையாகக் காத்திருந்து, அடுத்த நிறுத்தம் வந்ததும் ஸ்டாக்கில் ஏறிக்கொள்ளும். போக்கேமான் கார்டு ஆடி வந்தவருக்கோ எதிராளியின் டர்னில் கை நீட்டலாம் என்பதே புதிது. அவருக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

ரிசால்வ் ஆன பிறகு முதலில் கேட்கப்படுவது யாரை? யாருடைய டர்னோ அவரை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். எதிராளி ஒரு பிளேன்ஸ்வாக்கரை (லாயல்ட்டி என்ற எண்ணை உயிராகக் கொண்ட கார்டு வகை) இறக்குகிறார், அது ரிசால்வ் ஆகிறது. உடனே போல்ட் அடித்து அதன் லாயல்ட்டியைக் குறைத்துவிடலாம் என்று நீங்கள் கையை ஓங்குகிறீர்கள். முடியாது. பிரையாரிட்டி முதலில் அவருக்கு. அவர் லாயல்ட்டி எபிலிட்டியைப் போட்ட பிறகுதான் உங்கள் முறை வரும். “கார்டு கீழ வெச்ச உடனே நான் சொன்னேன்ல” என்ற வாதம் எடுபடாது. கார்டைக் கீழே வைத்தபோது அது இன்னும் ஸ்டாக்கில் இருந்தது, போல்ட் தொட முடியாத இடத்தில்.

‘செத்தவன் எப்டிடா அடிப்பான்?’

அடுத்த தகராறு இதைவிடச் சத்தமானது. பிராடிகல் சார்சரர் என்று ஒரு பழைய 1/1 கிரீச்சர். அதை டேப் செய்தால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் திருப்பினால்) யாருக்கு வேண்டுமானாலும் 1 டேமேஜ். எதிராளி டேப் செய்து உங்கள் 1/1 கிரீச்சரைக் குறிவைக்கிறார். நீங்கள் பதிலுக்கு போல்ட் போட்டு அந்த மந்திரவாதியையே கொன்றுவிடுகிறீர்கள். சரி, 1 டேமேஜ் நிற்குமா?

நிற்காது. டேப் செய்த நொடியில் அந்த எபிலிட்டி ஸ்டாக்கில் தனி ஆளாகிவிட்டது. அதைக் கிளப்பிய கிரீச்சர் உயிரோடு இருந்தாலும் செத்தாலும் அதற்குக் கவலை இல்லை. “செத்தவன் எப்டிடா அடிப்பான்?” என்று நண்பர் எகிறுவார். ஆனால் விதி தெளிவாக அப்படித்தான் சொல்கிறது. கொல்ல வேண்டுமென்றால் அவர் டேப் செய்வதற்கு முன்பே கொன்றிருக்க வேண்டும். அப்படி முயன்றாலும் பயனில்லை என்பதுதான் கொடுமை: நீங்கள் போல்ட் போட்டதும் அவர் பதிலுக்கு டேப் செய்துவிடுவார்.

குறி காணாமல் போனால் கதை வேறு. போல்ட்டின் குறியாக இருந்த கிரீச்சரை எதிராளி பதிலுக்கு சாக்ரிஃபைஸ் செய்துவிட்டால் (தானே கிரேவ்யார்டில் போட்டுவிட்டால்), போல்ட் ரிசால்வ் ஆகவே ஆகாது. லைட்னிங் ஹீலிக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை மறந்து மாட்டிக்கொள்கிறார்கள். அது 3 டேமேஜ் கொடுத்து உங்களுக்கு 3 லைஃபும் தரும். குறி போய்விட்டால் டேமேஜோடு சேர்ந்து லைஃபும் போச்சு. “லைஃபுக்கு டார்கெட் தேவையில்லையே” என்றால், தேவையில்லைதான்; ஆனால் ஸ்பெல்லின் குறி முழுக்கப் போய்விட்டால் அதில் உள்ள எந்த வரியும் நடக்காது. இரண்டு குறியில் ஒன்று மட்டும் போயிருந்தால் மீதிக்கு நடக்கும்.

எபிலிட்டியைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது முக்காற்புள்ளி, அதாவது இரண்டு புள்ளி. அதற்கு இடதுபக்கம் இருப்பது விலை, வலதுபக்கம் இருப்பது பலன். விலை கொடுக்கும்போது யாரும் குறுக்கிட முடியாது. மாக் ஃபனாட்டிக் கார்டில் ‘இதை சாக்ரிஃபைஸ் செய்: 1 டேமேஜ்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். சாக்ரிஃபைஸ் இடதுபக்கம் இருப்பதால் அது விலை. “நீ சாக்ரிஃபைஸ் பண்றதுக்கு முன்னாடி நான் கொன்னுடறேன்” என்று சொல்ல இடமே கிடையாது. அவர் சொல்லி முடித்தபோது அது ஏற்கெனவே கிரேவ்யார்டில் இருக்கிறது. லனோவர் எல்வ்ஸ் என்ற கிரீச்சரை டேப் செய்து மானா எடுப்பதற்கும் பதில் கொடுக்க முடியாது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. மானா எபிலிட்டி ஸ்டாக்குக்கே போவதில்லை, தட்டியதும் மானா கையில்.

ட்ரிகர்

‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’. எபிலிட்டி இந்த மூன்றில் ஒன்றோடு தொடங்கினால் அது ட்ரிகர். தானாகக் கிளம்பும், ஸ்டாக்கில் ஏறும், பதில் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் ட்ரிகர் கிளம்பினால், டர்ன் யாருடையதோ அவருடையவை முதலில் ஏறும், மற்றவருடையவை அதன் மேல். கடைசியாக ஏறியது முதலில் நடக்கும் என்பதால் டர்ன் இல்லாதவரின் ட்ரிகர் முந்திக்கொள்ளும். ‘என் டர்ன், என்னுது ஃபர்ஸ்ட்’ என்று சொல்லி ஏமாந்தவர்கள் நிறைய.

ட்ரிகருக்குள்ளேயே ‘இஃப்’ வந்தால் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஃபெலிடார் சாவரின் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்கீப் (டர்னின் ஆரம்பக் கட்டம்) தொடக்கத்தில், உங்களிடம் 40 அல்லது அதற்கு மேல் லைஃப் இருந்தால், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். 41 லைஃபோடு டர்னை ஆரம்பிக்கிறீர்கள், ட்ரிகர் ஏறுகிறது, கொண்டாடத் தொடங்குகிறீர்கள். எதிராளி நிதானமாக உங்கள் மேல் ஒரு போல்ட் போடுகிறார். 38. ட்ரிகர் ரிசால்வ் ஆகும்போது மறுபடி எண்ணிப் பார்க்கும், 40 இல்லை, ஒன்றும் நடக்காது. திருப்பியும் பாருங்கள்: அப்கீப் தொடங்கும்போது 39தான் இருந்தது, அதே அப்கீப்பில் லைஃபை ஏற்றி 45 ஆக்கிவிட்டீர்கள் என்றால்? ட்ரிகர் கிளம்பவே இல்லை. அடுத்த டர்ன் வரை காத்திருங்கள்.

இந்த ஆட்டத்தின் நேரக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று காட்ட எனக்குப் பிடித்த கார்டு ஒப்ளிவியன் ரிங். 2007இல் லார்வின் தொகுப்பில் வந்தது. அதில் இரண்டு தனித்தனி ட்ரிகர்கள். உள்ளே வரும்போது, நிலம் அல்லாத வேறொரு பெர்மனன்டை (மேஜையில் நிற்கும் கார்டை) எக்ஸைல் செய்யும், அதாவது ஆட்டத்திலிருந்து ஒதுக்கி வைக்கும். வெளியே போகும்போது, எக்ஸைல் செய்ததைத் திருப்பித் தரும். படிக்க அப்பாவியாக இருக்கிறது. இப்போது வில்லத்தனம்: ரிங் உள்ளே வந்தது, முதல் ட்ரிகர் ஸ்டாக்கில் காத்திருக்கிறது. அது ரிசால்வ் ஆவதற்குள், அதன் சொந்தக்காரரே ரிங்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறார், அதற்கென்று வைத்திருந்த வேறு கார்டால். ரிங் வெளியே போனதால் இரண்டாவது ட்ரிகர் கிளம்பி முதல் ட்ரிகரின் மேல் ஏறுகிறது. மேலே இருப்பது முதலில்: ‘எக்ஸைல் செய்ததைத் திருப்பிக் கொடு.’ இன்னும் எதையுமே எக்ஸைல் செய்யவில்லை, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அப்புறம் கீழே இருந்த முதல் ட்ரிகர்: எக்ஸைல். திருப்பிக் கொடுக்க வேண்டிய ட்ரிகர் ஏற்கெனவே முடிந்துபோய்விட்டது. போன கார்டு போனதுதான், ஆட்டம் முடியும்வரை.

எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். விதிப்படி சுத்தமான ஆட்டம். ஆனால் வடிவமைத்தவர்களுக்கே இது பிடித்திருக்காது போல. பிறகு வந்த இதே மாதிரிக் கார்டுகளில் எழுத்தை மாற்றிவிட்டார்கள். 2014இல் வந்த பேனிஷிங் லைட்டில் ஒரே ட்ரிகர்தான்: இந்தக் கார்டு வெளியே போகும் வரை எக்ஸைல். ட்ரிகர் ரிசால்வ் ஆவதற்குள் லைட் வெளியே போய்விட்டால் எக்ஸைலே நடக்காது. பிறகு போனால், எடுத்தது உடனே திரும்பி வரும், ஸ்டாக்குக்குப் போகாமல். இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று பலர் சொல்வார்கள். 7 வருட இடைவெளியில் நடந்த ஒரு பழுதுபார்ப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இடைவெளியே இல்லாதவை

‘இன்ஸ்டெட்’ என்ற சொல் வந்தால் அது ட்ரிகர் அல்ல. அது நிகழ்ச்சியையே மாற்றிவிடும். ஸ்டாக் இல்லை, பதில் இல்லை. ரெஸ்ட் இன் பீஸ் என்ற கார்டு மேஜையில் இருக்கும்போது கிரேவ்யார்டுக்குப் போக வேண்டிய கார்டெல்லாம் எக்ஸைலுக்குப் போகும். உங்கள் கிரீச்சரில் ‘இது செத்தால் ஒரு கார்டு எடு’ என்று இருந்தால்? எடுக்க முடியாது. செத்தல் என்பது இந்த ஆட்டத்தில் மேஜையிலிருந்து கிரேவ்யார்டுக்குப் போவது. உங்கள் கிரீச்சர் அங்கே போகவே இல்லை. ‘கிரேவ்யார்டுக்குப் போய்ட்டு, அங்கேர்ந்து எக்ஸைல் ஆச்சு’ என்று இரண்டு படியாக நினைப்பவர்கள்தான் இங்கே வாதாடுவார்கள். ஒரே படிதான்.

ஆட்டம் தானே செய்துகொள்ளும் துப்புரவு வேலை இன்னொன்று. யாருக்காவது பிரையாரிட்டி கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அது ஒரு சுற்று பார்க்கும். லைஃப் 0 ஆனவர் தோற்றார். டஃப்னஸ் 0 ஆன கிரீச்சர் போனது, இன்டிஸ்ட்ரக்டிபிளாக (அழிக்க முடியாததாக) இருந்தாலும் போனதுதான். சாகும் அளவு டேமேஜ் வாங்கியது அழிந்தது. ஒரே பெயரில் இரண்டு லெஜன்டரி ஒருவரிடம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிரேவ்யார்டில் போட வேண்டும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இருவரும் 4 லைஃபில் இருக்கும்போது எர்த்குவேக்கை (இருவருக்கும் டேமேஜ் தரும் ஸ்பெல்) 4க்குப் போட்டால் இருவரும் ஒன்றாகத் தோற்பார்கள், ஆட்டம் டிரா. போட்டவர் ஜெயித்தார் என்று கிடையாது.

நடைமுறையில் இது கழுத்தைப் பிடிக்கும் இடம் ஒன்று. உங்களுக்கு 3 லைஃப். உங்கள் மேல் போல்ட் வருகிறது. கையில் ஹீலிக்ஸ் இருக்கிறது. “போல்ட் படட்டும், அப்புறம் லைஃப் ஏத்திக்கறேன்” என்று விட்டால் முடிந்தது கதை. போல்ட் ரிசால்வ் ஆனதும் லைஃப் 0. உங்களைக் கேட்பதற்கு முன்பே ஆட்டம் பார்த்துவிடும். போல்ட் ஸ்டாக்கில் இருக்கும்போதே ஹீலிக்ஸ் போட வேண்டும்: 6க்கு ஏறி 3க்கு இறங்குவீர்கள்.

ஜயன்ட் குரோத்துக்குத் திரும்பினால் இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. 5/5 ஆகி 3 டேமேஜ் வாங்கிப் பிழைத்த கிரீச்சர், டர்ன் முடிந்து மறுபடி 2/2 ஆகும்போது அந்த 3 டேமேஜால் சாகுமா? சாகாது. டர்ன் கடைசியில் டேமேஜ் அழிவதும் ‘டர்ன் முடியும் வரை’ என்பவை முடிவதும் ஒரே நொடியில்.

அண்ணன் கற்ற காலம்

2009இல் மேஜிக் 2010 என்ற தொகுப்போடு விதி ஒன்று பெரிதாக மாறியது. அதற்கு முன் சண்டை டேமேஜும் ஸ்டாக்குக்குப் போகும். மாக் ஃபனாட்டிக் பிளாக் செய்து (அடிக்க வரும் கிரீச்சரைத் தடுத்து), தன் 1 டேமேஜை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, அப்புறம் தன்னையே சாக்ரிஃபைஸ் செய்து இன்னொரு 1 டேமேஜும் கொடுக்கும். 1 மானா கார்டு ஒன்று 2/2வைக் கொன்றுவிடும். இப்போது சண்டை டேமேஜ் ஸ்டாக்குக்குப் போவதில்லை, நேராக விழுகிறது. ஃபனாட்டிக் ஒன்று சண்டையில் அடிக்கலாம், இல்லை சாக்ரிஃபைஸ் ஆகலாம். அதே வருடம் மானா பர்னும் போனது. பயன்படுத்தாத மானாவுக்கு லைஃப் இழப்பதெல்லாம் பழைய கதை. 2024 கடைசியில் ஃபவுன்டேஷன்ஸ் தொகுப்பு வந்தபோது, பல பிளாக்கர்களுக்கு டேமேஜை வரிசைப்படுத்தும் முறையும் எடுக்கப்பட்டது. இப்போது அடிப்பவர் டேமேஜ் விழும் நேரத்தில் தன் இஷ்டத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஆகவே மூத்தவர் தவறாகச் சொல்கிறார் என்று பாய்வதற்கு முன், “அண்ணா, அது எந்த வருஷத்து ரூல்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னது ஒரு காலத்தில் சரியாகவே இருந்திருக்கும்.

மாறாத ஒன்றும் உண்டு: பிளாக் செய்த கிரீச்சரை அப்புறம் கொன்றால் அடித்தவரின் டேமேஜ் உங்களுக்கு வந்து சேராது. பிளாக் ஆனது பிளாக் ஆனதுதான். அதேபோல அட்டாக் அறிவித்த கிரீச்சரை டேப் செய்வதால் அட்டாக் நிற்காது. தடுக்க வேண்டுமென்றால் சண்டை தொடங்கும் கட்டத்திலேயே செய்ய வேண்டும்.

போட்டியில் உட்கார்ந்தால்

மாடியில் ஆடுவதும் போட்டியில் ஆடுவதும் வேறு. போட்டி விதிகள் சில பேச்சுகளுக்குப் பொருளை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கின்றன. ‘காம்பாட்?’ என்று கேட்டால் மெயின் ஃபேஸை விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒரு ஸ்பெல்லைப் போட்டால், பிரையாரிட்டியை வைத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாத வரை, விட்டுவிட்டதாகவே கணக்கு. சொந்த ஸ்பெல்லின் மேலேயே இன்னொன்றை அடுக்க நினைப்பவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும்.

பணம், பரிசு என்று கடுமையான நிலையில் நடக்கும் போட்டிகளில், உங்கள் ட்ரிகரை நினைவில் வைப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் மறந்ததை எதிராளி நினைவூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உடனே கவனித்தால், அதை ஸ்டாக்கில் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் எதிராளியே. “பார்த்துட்டே இருந்தான், சொல்லவே இல்ல” என்று கோபப்படுவது புரிகிறது. ஆனால் அவர் விதியை மீறவில்லை. உங்களுக்குக் கெடுதல் செய்யும் சொந்த ட்ரிகரைத் தெரிந்தே மறைப்பது மட்டும் மோசடி. அதற்கு மன்னிப்பு கிடையாது.

ஜட்ஜைக் கூப்பிடுவதை இங்கே சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று முகம் சிவக்கிறது. கேரம் போட்டியில் அம்பயரைக் கூப்பிட்டால் யாரும் கோபிப்பதில்லையே. கையைத் தூக்குங்கள், ‘ஜட்ஜ்’ என்று சொல்லுங்கள், அவர் வரும்வரை கார்டுகளைத் தொடாதீர்கள். தானே பின்னோக்கிச் சரிசெய்ய முயன்றுதான் பாதி ஆட்டங்கள் சிக்கலாகின்றன.

வீட்டு மேஜைக்கு என்றால், விதிப் புத்தகத்தில் நான்கு எண்களைப் போனில் குறித்து வைத்தால் போதும். 117இல் பிரையாரிட்டி, 603இல் ட்ரிகர், 614இல் ‘இன்ஸ்டெட்’, 704இல் துப்புரவு வேலை. இவற்றுக்கும் முன்னால் 101இல் இரண்டு வரி: கார்டும் விதியும் மோதினால் கார்டு ஜெயிக்கும், ‘முடியும்’ என்பதும் ‘முடியாது’ என்பதும் மோதினால் ‘முடியாது’ ஜெயிக்கும். 613 என்று லேயர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஒரே கிரீச்சரை மூன்று கார்டுகள் மூன்று விதமாக மாற்றும்போது அதன் பவர் என்ன, டஃப்னஸ் என்ன என்று வரிசைப்படுத்தும் பகுதி அது. அதை நான் இங்கே தொடவில்லை. முதல் ஆறு மாதம் நீங்களும் தொட வேண்டாம். அந்த மாதிரிக் கேள்வி மாடிக்கு வருவதே அபூர்வம், வந்தால் அன்றைக்கு மட்டும் கூகுளில் பார்த்துக்கொள்ளலாம்.